முயலும் கினிப்பன்றியும் ஒரே கூண்டில் இருக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ரொம்ப நாளாக முயல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஏற்கெனவே நான்கு வயதுப் பூனை இருக்கிறது. எலி பிடிப்பதில் கெட்டிக்காரி. கொல்லையில் ஒரு நாட்டு நாய். வராந்தாவில் லவ் பேர்ட்ஸ் கூண்டு. புதுச்சேரியில் ஒரு கடையில் விசாரித்தோம். "முயலும் கினிப்பன்றியும் ஒரே கூண்டில் சமாதானமாக இருக்கும், ஜோடியாக எடுத்துக்கோங்க, பூனைக்குப் பத்து நாளில் பழகிடும்" என்றார்கள். ஹாம்ஸ்டரும் காட்டினார்கள். பூனையும் முயலும் ஒட்டிப் படுத்துத் தூங்கும் வீடியோக்களை மகள் காட்டுகிறாள். எதை வாங்கலாம்? எல்லாம் ஒத்துப்போகுமா?
ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்டதற்கு நன்றி. இங்கே புதுச்சேரியில் என்னிடம் இந்தச் சின்னப் பிராணிகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒன்று கடிபட்ட பிறகுதான் வருகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தி வைக்கக்கூடிய ஓர் அறையை உங்கள் வீட்டில் ஒதுக்க முடியும் என்றால், இரண்டு பெண் கினிப்பன்றிகளை வாங்குங்கள். அப்படி ஓர் அறை இல்லை என்றால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூண்டில் போடவே போடாதீர்கள். ஹாம்ஸ்டர், உங்கள் மகள் எதிர்பார்க்கும் தோழமையைத் தராது. காரணங்களைக் கீழே எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும்.

உங்கள் கொல்லையையே எடுத்துக்கொள்வோம். ஒரு வேம்போ தென்னையோ இருந்தால் அங்கே அணில் இருக்கும். இருட்டிய பிறகு சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு மூஞ்சூறு ஓடும். சாக்கடைப் பக்கம் பெருச்சாளி வளை தோண்டியிருக்கும். சமையலறைப் பரணில் சுண்டெலி. இத்தனையும் உங்கள் பூனையும் நாயும் நடமாடும் அதே இடத்தில்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அவற்றுக்குள் நேரப் பங்கீடும் இடப் பங்கீடும் இருக்கிறது. அணிலுக்குப் பகல், மரக்கிளை. பூனை தலைகாட்டியதும் வாலைச் சொடுக்கிச் சொடுக்கி ஓயாமல் கத்தும். அதைக் கேட்டு மைனாவும் தவிட்டுக்குருவியும் எழும்பிவிடும். மூஞ்சூறுக்கு இரவு. அது எலி இனமே இல்லை; பூச்சி தின்னும் பிராணி, வீட்டுக் கரப்பானைத் தின்று தீர்க்கும். அதன் உடம்பு நாற்றத்துக்குப் பயந்தே பூனை பிடித்தாலும் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிடும். அதன் குட்டிகள் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று கவ்விக்கொண்டு தாய்க்குப் பின்னால் ரயில்பெட்டி போல வரிசையாகப் போவதை எப்போதாவது பார்க்கக் கிடைத்தால் மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பெருச்சாளிக்கு மண்ணுக்கடியில் வளை. ஒவ்வொன்றுக்கும் ஓடி ஒளிய ஓர் ஓட்டையாவது கிளையாவது இருக்கிறது. அவ்வப்போது ஒன்று மாட்டிக்கொள்ளும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கூட்டம் அழியாமல் இருக்கிறது.

கூண்டில் அடைத்ததும் இந்த ஏற்பாடு மொத்தமும் போய்விடுகிறது. நேரமும் ஒன்று, தரையும் ஒன்று, தப்பிக்க வழியும் கிடையாது. கொல்லையில் அவை தாமாகச் செய்துகொண்ட ஏற்பாட்டை வீட்டுக்குள் நாம்தான் செய்துதர வேண்டும். எந்தப் பிராணியை வாங்குவது என்ற கேள்வியைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

இனி உங்கள் பூனை. "பழகிடும்" என்று கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. குவோ என்ற சீன உளவியலாளர் 1930-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பூனைக்குட்டிகளை மூன்று விதமாக வளர்த்தார். தாய் எலி பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எதையும் பார்க்காமல் தனியாக வளர்ந்த 20-இல் 9 கொன்றன. கண் திறந்த நாளிலிருந்து எலியோடு ஒன்றாகவே வளர்ந்த 18-இல் 3 கொன்றன. ஆக, சிறுவயதுப் பழக்கம் பூனையை வெகுவாக மாற்றும் என்பது உண்மை. அந்தப் பருவம் பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரைதான். உங்கள் பூனைக்கு நான்கு வயது, அதுவும் எலி பிடித்தே வளர்ந்தது. அது முதல் கூட்டத்தைச் சேர்ந்தது. பத்து நாளில் அதன் புத்தி மாறாது. எலியோடு ஒட்டி வளர்ந்த கூட்டத்திலேயே மூன்று குட்டிகள் கொன்றிருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

பூனையின் காதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மனிதக் காதுக்கு எட்டும் ஒலி சுமார் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனை 60 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே கேட்கும். எலியும் ஹாம்ஸ்டரும் தங்களுக்குள் பேசுவதில் பெரும்பகுதி நம் காதுக்கே எட்டாத அந்த உயரத்தில்தான். அறை அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும்போதும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பூனை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைத் திட்டியோ அடித்தோ திருத்த முடியாது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

மகள் காட்டும் வீடியோக்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கின்றன. முயல், கினிப்பன்றி இரண்டுமே பிறவியிலேயே இரையாகும் பிராணிகள். ஓட வழி இல்லை என்றால் அவை அசையாமல் உறைந்துபோகும். கண் விரிந்திருக்கும், காது முதுகோடு ஒட்டிக்கிடக்கும், மூக்கின் துடிப்பு நின்றிருக்கும் அல்லது மிக வேகமாக இருக்கும். கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் அதைச் சாந்தம் என்று நினைத்துக்கொள்கிறார். முயலை மல்லாக்கப் படுக்கவைத்து "தூங்குது பாருங்க" என்று காட்டும் வீடியோக்களும் நிறைய வருகின்றன. அது தூக்கமில்லை. வேட்டைப் பிராணியின் பிடியில் செத்தது போலக் கிடக்கும் கடைசித் தற்காப்பு. எல்லா வீடியோவும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். குட்டியிலிருந்து கூடவே வளர்ந்து உண்மையாகவே ஒட்டிக்கொள்ளும் ஜோடிகளும் உண்டு. உண்மையாகவே நிம்மதியாக இருக்கும் முயல் பின்னங்கால்களை நீட்டிப் பக்கவாட்டில் சாயும், முகத்தைக் கழுவும், தின்னும். பூனை பக்கத்தில் இருக்கும்போது முயல் தின்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு அடையாளம் போதும்.

பயம் என்றால் மனக்கஷ்டம் மட்டும்தானே என்று நினைத்துவிடாதீர்கள். "நாய் தொடவே இல்லை டாக்டர், கூண்டைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துச்சு, மறுநாளே முயல் போயிடுச்சு" என்று பலர் வந்து அழுதிருக்கிறார்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடும் பயத்தில் அந்த ஓட்டம் நின்றுவிடும். தீனி இறங்காது, வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் தின்னாது. அரை நாள் முழுக்க ஒரு முயல் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கினிப்பன்றிக்கும் இது பொருந்தும்.

நாய் விஷயத்தில், உங்களுடையது நாட்டு நாய் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்முடைய சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்கள் முயல் வேட்டைக்கென்றே தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை. உங்கள் நாயின் ரத்தத்தில் எது இருக்கிறதோ யாருக்குத் தெரியும். ஓடுவதைத் துரத்துவது எந்த நாய்க்கும் உள்ள குணம். நல்ல வேளையாக நாய் கொல்லையில்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். சின்னப் பிராணிகள் வீட்டுக்குள் இருக்கட்டும். கொல்லைப் பக்கம் திறக்கும் ஜன்னலின் கீழே மட்டும் கூண்டை வைக்காதீர்கள். நாய்க்கு வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசியும் போடுவதை விட்டுவிடாதீர்கள். கடலூரில் மழைத் தண்ணீர் தேங்கும் நாட்களில் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் நோய் அது, மனிதர்களுக்கும் வரும்.

இப்போது பிராணிகளைப் பார்ப்போம். கடையில் ஒரே வரிசையில் அடுக்கி, பஞ்சு உருண்டைகளாகப் பார்த்ததால் மூன்றும் ஒரே ரகம் என்று தோன்றியிருக்கும். குணத்தில் ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

முயல், எலி போன்ற கொறிணி வகையே அல்ல. எலிக்கு மேல்தாடை முன்பக்கத்தில் இரண்டு பல்; முயலுக்கு அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். நன்றாக வைத்துக்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் இருக்கும். அதாவது உங்கள் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில் இருக்கும். அதைத் தூக்குவது பிடிக்காது. முரட்டுப் பிடியில் உதைத்துக்கொள்ளும்போது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும் அளவுக்குப் பின்னங்காலில் பலம்; எலும்போ மெல்லியது. ஆபத்து என்றால் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். கூண்டில் உட்கார்ந்தே வாழ முடியாது, தினமும் சில மணி நேரம் ஓட இடம் வேண்டும். வெயில் அதற்கு எமன். உடம்பில் வியர்க்காது, பெரிய காதுகள் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். மத்திய அரசின் முயல் ஆராய்ச்சி மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் குளிருக்கும் நம் கத்திரி வெயிலுக்கும், கடலோரப் புழுக்கத்துக்கும் எவ்வளவு தூரம்! குளிர்ச்சியான அறை உள்ள வீடுகளில் இங்கேயும் முயல்கள் நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் பூனையும் சேர்ந்திருக்கிறது, ஓடவும் விட முடியாது. அதனால்தான் முயல் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் பிடித்தது என்று யாராவது முயல்குட்டி கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது காட்டுமுயல், வேறு இனம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அதைப் பிடிப்பதே குற்றம். அடைத்து வைத்தால் பிழைப்பதும் அரிது. மரத்திலிருந்து விழுந்த அணில்குட்டியை வீட்டில் வளர்க்கலாமா என்றும் பலர் கேட்பார்கள். குட்டி காயமில்லாமல் இருந்தால், பூனையை வீட்டுக்குள் அடைத்துவிட்டு, ஒரு சின்னக் கூடையில் துணி போட்டு அதே மரத்தில் கட்டிவிடுங்கள். பல சமயம் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலிருந்து வந்தது. கூட்டப் பிராணி; ஒற்றையாக இருந்தால் ஏங்கிப்போகும். சுவிட்சர்லாந்தில் ஒற்றைக் கினிப்பன்றி வளர்ப்பதையே 2008-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஐந்து முதல் எட்டு வருடம் இருக்கும். அநேகமாகக் கடிக்காது. எம்பிக் குதிக்கவோ ஏறவோ பெரிதாகத் தெரியாது, அதனால் அடைப்பது எளிது. பகலிலும் விழித்திருக்கும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையோடு பொழுது போகும். வாயும் ஓயாது. கொத்தமல்லிக் கட்டை எடுத்துவரும் பையின் சத்தம் கேட்டாலே வீல் வீல் என்று கூப்பிடும், தடவிக்கொடுத்தால் முனகும், சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும். உங்கள் மகள் வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னப் பிராணி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. மனிதனைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தயாரிக்காது. தினமும் தீனியில் கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஈறு வீங்கும், மூட்டு வலிக்கும், நகர மாட்டாமல் சுருண்டுவிடும். குடைமிளகாய், கொய்யா ஒரு துண்டு, கொத்தமல்லி, முருங்கைக்கீரை கொஞ்சம், சின்னத் துணுக்கு நெல்லிக்காய் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை நம்ப வேண்டாம், சீக்கிரம் சக்தியிழந்துவிடும். அடிப்படைத் தீனி புல்தான். காய்ந்த புல் கடலூரில் எளிதில் கிடைக்காது. நல்ல அருகம்புல் கிடைக்கும், வேலிமசால் என்ற தீவனப் பயிர் கிடைத்தால் அளவாகச் சேர்க்கலாம். தெரு ஓரத்தில், நாய் நடமாடும் இடத்தில் பறித்த புல் வேண்டாம். எங்கே பறித்தாலும் அலசி, தண்ணீர் வடித்துக் கொடுங்கள். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், சத்துக்கு ஆகாது.

சரி, இந்த இரண்டையும் ஒரே கூண்டில் ஏன் போடக்கூடாது? முதல் காரணம், முயலின் மூச்சுக்குழாயில் போர்டெடெல்லா என்ற கிருமி எந்தத் தொல்லையும் செய்யாமல் குடியிருக்கும். அதே கிருமி கினிப்பன்றிக்குப் போனால் நிமோனியா, கூண்டோடு காலியாகும். இரண்டாவது, அந்தப் பின்னங்கால். முயல் விளையாட்டாக உதைத்தாலே கினிப்பன்றியின் விலா உடையும். மூன்றாவது, தீனி. முயல் குச்சித்தீவனத்தில் கினிப்பன்றிக்கு வேண்டிய வைட்டமின் சி இருக்காது. நான்காவதாக எனக்குப் படுவது, இரண்டின் பேச்சும் வேறு. முயல் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து உறவு பேசும். கினிப்பன்றி சத்தத்தால் பேசும், யாராவது மேலே ஏறிக் கிடந்தால் அதற்குத் தாங்காது. கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கினிப்பன்றியைப் பார்த்து "சண்டையே போடலையே, ஒத்துமையா இருக்கே" என்று நினைத்துக்கொள்கிறோம். சண்டை போடாமல் இருப்பது அதற்கு வேறு வழியில்லாததால்.

ஹாம்ஸ்டரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கடைகளில் தங்க நிறத்தில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர் தனியாக வாழும் பிராணி. இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒன்று செத்துவிழும் வரை சண்டை நடக்கலாம். 1930-இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு தாயையும் குட்டிகளையும் தோண்டி எடுத்தார். உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குட்டிகளின் வம்சம். பிடிபட்ட மிரட்சியில் அந்தத் தாய் தன் குட்டி ஒன்றையே கடித்துக் கொன்றதாம். பதற்றம் அந்த இனத்தை என்ன செய்யும் என்பதற்கு இது போதும். பகல் முழுக்கத் தூங்கும், உங்கள் மகள் தூங்கும்போது சக்கரத்தில் ஓடும். பகலில் எழுப்பினால் கடிக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஆயுள் முடிந்துவிடும். எலி பிடிக்கும் பூனை உள்ள வீட்டில் அதற்கு இரவெல்லாம் திகில்தான்.

லவ் பேர்ட்ஸ் கூண்டு வராந்தாவிலேயே இருக்கட்டும். அதன் எச்சமும் உமியும் விழும் இடத்துக்குக் கீழே வேறு எந்தப் பிராணியையும் வைக்காதீர்கள். பறவைத் தீனி சிந்தினால் சுண்டெலி வரும், சுண்டெலிக்குப் பின்னால் சாரைப்பாம்பும் சில சமயம் நல்லபாம்பும் வரும். அன்றன்றைக்குப் பெருக்கிவிட்டால் போதும். பின்னாளில் கோழி வாங்கினால் கோழித் தீவனத்தைக் கினிப்பன்றிக்கோ முயலுக்கோ போடாதீர்கள். சில தீவனங்களில் கோழிக்காகக் கலக்கும் மருந்து இவற்றுக்கு விஷமாகும்.

மருந்து என்றதும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல பிராணிகள் உள்ள வீட்டில் பெரிய ஆபத்து, ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குப் போடுவதுதான். பூனையின் தெள்ளுப்பூச்சி முயலுக்கும் தொற்றும். உடனே நாய்க்குப் போட்டு மிச்சமிருக்கும் ஃபிப்ரோனில் சொட்டை முயல் கழுத்திலும் விட்டுவிடுவார்கள். முயலுக்கு அது உயிரையே பறிக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த சொட்டு பூனைக்கு விஷம். பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறது என்று கினிப்பன்றிக்கோ முயலுக்கோ ஹாம்ஸ்டருக்கோ வாயில் ஊற்றினால், குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகி, சில நாட்களில் பிராணி இறந்துபோகும். ஒவ்வொன்றின் மருந்தையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் பூனை உள்ளே புகுந்துவிட்டால், காயம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பூனையின் பல் ஊசி மாதிரி. ரோமத்துக்குள் துளை தெரியாது. அதன் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி சின்னப் பிராணியின் ரத்தத்தில் வேகமாகப் பரவும். அன்றே ஊசி போட்டாக வேண்டும். கினிப்பன்றியின் தோலில் வட்டவட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் ஒட்டும். தொட்ட பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும்.

இனி அறை. கதவு தானாகச் சாத்திக்கொள்வது போல ஒரு ஸ்பிரிங் போட்டுவிடுங்கள். பூனை உள்ளே நுழைவது எப்போதுமே யாரோ அவசரத்தில் கதவைத் திறந்துவிட்டுப் போகும் அந்த ஒரு நிமிடத்தில்தான். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் பலகை அடித்து மூடுங்கள், பெருச்சாளி அந்த வழியாகத்தான் வரும். தரையில் குறைந்தது நாலடிக்கு இரண்டடி அடைப்பு, கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். உள்ளே ஒளிந்துகொள்ள ஆளுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் இருந்தால் வலியது மற்றதை உள்ளேயே மடக்கிவிடும். மேலேயும் வலை மூடியிருக்க வேண்டும். பூனைக்கு உங்கள் கூடத்தில் உயரமான ஓர் இடமும், மகளோடு விளையாட அதற்கென்று நேரமும் இருக்கட்டும். புதியவர்கள் வந்ததால் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அதற்குத் தோன்றக்கூடாது. பூனையை வெளியே அனுப்பிவிட்ட பிறகுதான் கினிப்பன்றிகளை அடைப்பிலிருந்து எடுக்க வேண்டும். அறிமுகப்படுத்துகிறேன் என்று இரண்டையும் மடியில் வைத்துப் பார்க்கும் ஆசை மகளுக்கு வரும். அந்த ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கத்திரி வெயில் முடியும் வரை வாங்க வேண்டாம். புது இடத்தின் மிரட்சியும் வெயிலும் சேர்ந்தால் தாங்காது. ஜூலைக்குப் பிறகு வாங்கினால் அடுத்த கோடைக்குள் உங்களுக்கும் பழகியிருக்கும். கோடையில் மேற்குச் சுவர் இல்லாத பக்கம் அடைப்பை வையுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி உள்ளே போட்டால் அதன் மேல் சாய்ந்துகொள்ளும். ஜன்னலில் நனைத்த கோணி தொங்கவிடலாம். மின்விசிறியை மட்டும் நம்ப முடியாது, வியர்க்காத உடம்பைக் காற்று அதிகம் குளிர்விக்காது. மூச்சு வாங்கி, வாயோரம் ஈரமாகி, துவண்டு கிடந்தால் காதையும் பாதத்தையும் குளிர்ந்த துணியால் ஒற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

அப்புறம் மழைக்காலம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலைப் பார்த்த ஊர் உங்களுடையது. 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்தீர்கள். அப்படிப்பட்ட இரவுகளில் நாய், பூனை, பறவை, மனிதர் எல்லோரும் ஒரே அறைக்குள் வந்துவிடுவோம். மற்ற நாட்களில் கதவு செய்யும் வேலையை அன்றைக்குப் பெட்டிதான் செய்ய வேண்டும். பூனைக்கு மூடக்கூடிய பூனைக் கூடை ஒன்றும், கினிப்பன்றிகளுக்குக் காற்றோட்டமுள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் கிரேட் ஒன்றும் அக்டோபருக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கிரேட்டை மேசை மேல் வைத்து, நாய், பூனை இருக்கும் பக்கம் துணியால் மறைத்துவிடுங்கள். பார்வையை மறைப்பதே பாதிப் பயத்தைக் குறைக்கும். தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்ததை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, வாங்கும்போது கவனிக்க வேண்டியது. "ரெண்டும் பொட்டைதான்" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். கினிப்பன்றியில் ஆண் பெண் பிரித்தறிவதில் தவறு அடிக்கடி நடக்கிறது. பெண் குட்டி பிறந்த ஐந்தாறு வாரத்திலேயே சினைபிடிக்கக்கூடும்; இரண்டு மாதத்துக்கும் மேலாகச் சுமந்து, ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் குட்டி போடும், அதன் பிறகு எண்ணிக்கை உங்கள் கையில் இருக்காது. கண் பளிச்சென்று, மூக்கு காய்ந்து, பின்பக்கம் சுத்தமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடையில் முயலோடு ஒரே கூண்டில் வைத்திருந்தவற்றை வாங்காதீர்கள், போர்டெடெல்லா ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். வாங்கிய வாரமே இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, கடலூரில் உங்கள் பூனையைக் காட்டும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பாலினத்தையும் பல்லையும் தோலையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பிராணிகளைப் பார்த்துப் பழக்கம் இல்லை என்று அவர் சொன்னால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே வந்துவிடுங்கள். வரும் வழியில் தின்ன ஒரு பிடி அருகம்புல் கூடையில் இருக்கட்டும்.